நான் குமாரின் மனைவி இல்லை

பிரபு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பது உன் கல்யாணப் பத்திரிகையிலேயே தெரிகிறது. பத்து நாளைக்கு முன்னால் அதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். உன் சித்தப்பா மட்டும், "மாப்பிள்ளையோட அப்பா திரு. குமார்னு போட்டிருக்குதே, யார்றா அது குமாரு?" என்று கேட்டார். நீ சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, "அப்பாவோட ஸ்டைல் நேம் சித்தப்பா" என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். குழுவில் சொன்னதற்குக் குழுவிலேயே பதில் சொல்கிறேன். தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்காதே. உன் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அவர் இந்தக் குழுவில் இல்லை. அவரைத் தவிர எல்லோரும் படிக்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கவிதா போனில் அடிக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் பிளஸ் டூ படிக்கிறாள், நூலகத்துப் புத்தகமெல்லாம் அவள் தலைமாட்டில்தான் கிடக்கிறது. என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். ஏன்டி என்று கேட்டேன். "நீ பேசற மாதிரியே போட்டா அம்மா கோவத்துல கத்திட்டாங்கன்னு நெனச்சிப்பாரு. நல்லா எழுதினாதான் யோசிச்சிப் பேசினன்னு தெரியும்" என்றாள். சரிதான். நான் யோசித்துத்தான் பேசுகிறேன். பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதும் கடிதங்களில், எங்கேயாவது ஓரிடத்தில், தாங்கள் செய்த தவறுகளையும் சொல்லி வருந்துவார்கள் என்று இவள் படித்திருக்கிறாளாம். "ஏதாவது இருந்தா சொல்லும்மா, எழுதறேன்" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் வருந்தும்படி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கோலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பச்சைத் துணி விரித்த மேசையில் பந்துகளைக் குத்தி மூலைப் பைகளில் தள்ளுவீர்களே, அந்த ஆட்டத்துக்கு நீ வாங்கிய கோல். க்யூ என்பாய். நம் ஊர் சாரம் பகுதியில் ஒரு மாடியில் இருந்த கிளப்பில் கற்றுக்கொண்டாய், நன்றாகவே ஆடுவாய், அதை நான் மறுக்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகும் மாலினியின் அப்பா உன்னையும் எங்களையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதும் உனக்கு அந்த ஆசை வந்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தத் தெருவில் எல்லோருக்கும் முசியே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். அவர் வீட்டு மாடியில் மேசை இருக்கிறது. அவருக்கென்றே கையால் செய்த கோல் இருக்கிறது. கிளப் சுவரில் சாத்தி வைத்திருக்கும் பொதுக் கோலோடு அங்கே போய் நிற்க உனக்குக் கூச்சமாக இருந்தது. ஆளுக்கென்று அளவெடுத்துச் செய்யும் கோல் மோட்டார் சைக்கிள் விலை என்றாய். அதே மாதிரித் தோற்றத்தில், நம் கைக்கு எட்டும் விலையில், இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாய். அடிக்கட்டையின் நிறம், பிடியில் சுற்றும் நூல், பூவேலை எல்லாவற்றையும் நாமே பொறுக்கலாம், பெயரும் பொறித்துத் தருவான் என்றாய். இந்தக் கூடத்தில்தான் நாம் நாலு பேரும் உட்கார்ந்து உன் போனைப் பார்த்தோம். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

உன் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவர் அல்லவா, "சுத்தியிருக்கற நூலு பருத்தியா, வேறயாடா?" என்று கேட்டார். "ஒனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நீயா ஆடப்போற?" என்றாய். அவர் சிரித்தார். நீ என்ன சொன்னாலும் அவர் சிரிப்பார். பிறகு நீ பெயர் எழுதும் கட்டங்களை நிரப்பினாய். முதல் கட்டத்தில் பிரபு. இரண்டாவது கட்டம் குடும்பப் பெயருக்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் எப்படிப் போட்டாயோ அப்படியே, நம் ஊரில் எல்லோரும் போடுவது போல, அப்பா பெயரைப் போட்டாய். அதற்குக் கீழே, கோலில் எந்தப் பெயரைப் பொறிக்கவேண்டும் என்று இன்னொரு கேள்வி இருந்திருக்கிறது. நீ அதைப் படிக்கவில்லை. விளையாட்டுக்காரர்கள் சட்டை முதுகில் போடுவது போல அவன் பாட்டுக்குக் குடும்பப் பெயரைப் பொறித்து அனுப்பிவிட்டான்.

விருந்துக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பார்சல் வந்தது. "இங்க பிரிச்சிப் பாத்துட்டுப் போலாமேடா" என்றேன். "அங்க போயிப் பிரிக்கறேம்மா, அப்பதான் கெத்து" என்றாய். இனிமேல் எதையாவது இணையத்தில் வாங்கினால், பிரபு, உன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிரி. கோல் என்றால் இரண்டு துண்டையும் திருகி முடுக்கிப் பார். மேசையில் உருட்டிப் பார், ஆடாமல் உருள்கிறதா என்று. இதெல்லாம் நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். எழுதியிருப்பது என்ன என்றும் படித்துப் பார்.

அந்த மாடியை நான் மறக்கப்போவதில்லை. பெரிய ஜன்னல், மேலே மின்விசிறி, சுவரில் பழைய படங்கள். முசியே தம் கோலை எடுத்துக் காட்டினார். அதன் அடிக்கட்டையில் அவர்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தபோது வைத்துக்கொண்ட பெயராம். அதைச் சொல்லும்போது அவர் விரலால் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். அடுத்து நீ உன் பையைத் திறந்தாய். கோலை அவர்தான் கையில் வாங்கினார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

இந்த இடத்தில் கவிதாவின் விரல் நின்றுவிட்டது. "அப்பா பேரைச் சொல்லும்மா, எழுதணும்" என்கிறாள். "ஒனக்குத் தெரியாதா? போட்டுக்கோ" என்றேன். "கடிதம் ஒன்னுதும்மா. நீ சொன்னாதான் எழுதுவேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். வீட்டில் முதலில் "என்னாங்க" என்று கூப்பிட்டேன். நீ பிறந்த பிறகு "பிரபு அப்பா" என்றேன். தெருவும் அப்படித்தான் கூப்பிடுகிறது. உன் பெயரைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் அந்த மனிதரைக் கூப்பிட்டிருக்கிறோம். அதற்காகவே இன்று சொல்கிறேன். மண்ணாங்கட்டி. என் புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. சொல்லிவிட்டேன், வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை. "எழுதுடி" என்றேன், எழுதிவிட்டாள்.

முசியே அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதை நீ கவனிக்கவில்லை, ஆனால் நான் கவனித்தேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், "ஒங்க குடும்பப் பேரா தம்பி?" என்று. ஒரே ஒரு "ஆமாம்" போதும். எங்கப்பா பேரு சார், இதோ உக்காந்திருக்காரே, இவருதான் என்று கையைக் காட்டியிருக்கலாம். அவர் எழுந்து வந்து கை கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர். நீ என்ன சொன்னாய்? "சேச்சே, இல்ல அங்கிள். அது கம்பெனி பேரு." அப்போதுதான் அவர் சிரித்தார். "மண்ணாங்கட்டின்னு ஒரு கம்பெனியா! எந்த ஊருலப்பா?" என்றார். மாலினி சிரித்தாள், அவள் அம்மா சிரித்தாள், எல்லோரையும்விடச் சத்தமாக நீ சிரித்தாய். உன் அப்பா கையில் ஜூஸ் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு முசியே அவர் பக்கம் திரும்பி, "இவ்வளவு நேரம் பேசறோம், ஒங்க பேரைக் கேக்கவேயில்லையே" என்றார். உன் அப்பா உன்னைப் பார்த்தார். நீ கோலின் நுனித் தோலுக்கு நீலச் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாய். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்று, "குமாரு, சார்" என்றார். எங்கிருந்து அந்தப் பெயர் அவர் வாய்க்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷமே நான் குமார் என்கிற யாரோ ஒருவனின் மனைவியாகிவிட்டேன். நீ அந்த ஆட்டத்தில் ஜெயித்தாய்.

இது உனக்குப் புதிதும் இல்லை. ஆறாவது படிக்கும்போது, இனிஷியல் எம் என்றால் என்ன என்று பையன்கள் கேட்டதற்கு மணி என்று சொல்லிவைத்தாய். வாத்தியார் வருகைப் பதிவில் பார்த்து உண்மையைச் சொன்னதும் வகுப்பே உன்மேல் மண்ணை வாரிப்போட்டுச் சிரித்தது என்று அழுதுகொண்டு வந்தாய். நான் உன் பக்கம்தான் பேசினேன். உன் அப்பா, "மணின்னா நல்லாத்தான இருக்குது. அதையே வெச்சிக்கட்டுமே" என்றார். உன்னை மடியில் உட்காரவைத்து, அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. இவர் பிறந்ததும் தொட்டிலில் போடாமல் வெறும் தரையில் புரட்டி, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். சாவு வந்து பார்த்தால், இது ஒன்றுக்கும் ஆகாதது என்று விட்டுவிட்டுப் போகும் என்ற எண்ணத்தில். சாவு விட்டுவிட்டுப் போனது. அதனால்தான் நீ இருக்கிறாய். அப்போது நீ சின்னப் பையன், வாயைப் பிளந்து கேட்டாய். இப்போது உனக்கு இருபத்தேழு வயது. சாவே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவரை, நீயும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்கிறாய்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வந்து நின்று பார். மில் மூடிய பிறகு அவர் அங்கே நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளுகிறார். "மண்ணாங்கட்டி அண்ணே, இங்க வாங்க," "மண்ணாங்கட்டி, எக்ஸ்ரேவுக்கு ஒரு ஆளு" என்று தாழ்வாரம் முழுக்க அந்தப் பெயர்தான் கேட்கும். ஒருத்தரும் சிரிப்பதில்லை. வலியில் கிடக்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வண்டி வருகிறது என்று அர்த்தம்.

மறுநாள் நீ செய்ததை எழுதவேண்டாம் என்று கவிதா கெஞ்சுகிறாள். "அதை மட்டும் வேணாம்மா. எல்லாரும் படிப்பாங்க." எழுதுடி என்கிறேன். நீ கடையில் உப்புத்தாள் வாங்கிவந்து, கோலையும் சேர்த்து உன் அப்பா மடியில் வைத்தாய். "எனக்குப் பொறுமை இல்ல. நீயே தேச்சி எடுத்துடுப்பா, உன் பேருதான" என்றாய். நான் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன், அவர் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம் பெயரைத் தாமே தேய்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் கடைசி எழுத்து போனது. மரத்துக்கு வலிக்குமோ என்பது போல மெல்லத் தேய்த்தார். நடுவில் நிறுத்தி, பிடியில் சுற்றியிருந்த நூலைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்து, "நல்ல முறுக்குடி" என்று என்னிடம் சொன்னார். மேலும் தேய்த்தபோது பூவேலையும் சேர்ந்து உரிந்துகொண்டு வந்தது. முத்துச்சிப்பி பதித்தது என்று நீ சொன்ன பூ வெறும் ஒட்டுக் காகிதம், மேலே வார்னிஷ் பூசியிருந்தான். கீழே வெளுத்த கட்டை பல்லிளித்தது. நீ பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாய். "ஒரு பேரை அழிக்கக்கூட துப்பு இல்லியா ஒனக்கு?"

அவர் "வேற வாங்கிக்கலாம்டா" என்றார். மடியில் கொட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிடாமல், இரண்டு கையாலும் கூட்டி எடுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டார்.

இப்போது பத்திரிகை. திரு. குமார் என்று அச்சடித்து, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். உன் அப்பாவுக்கு நீ செய்ததை அவர் மன்னித்துவிட்டார், அது அவர் பாடு. எனக்கு நீ செய்ததை யாரைக் கேட்டு மன்னிப்பது? ஊர் முழுக்கக் கொடுக்கும் காகிதத்தில், எவனோ ஒரு குமாருக்கு என்னைப் பெண்சாதியாக்கி, அவனுக்கு நான் உன்னைப் பெற்றதாகப் போட்டிருக்கிறாய். நான் எந்தக் குமாரோடும் குடும்பம் நடத்தியதில்லை. இதைக் கவிதா எழுதத் தயங்கினாள், நான் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. உன் அப்பாவிடம் பத்திரிகையைக் காட்டியபோது என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை. அறைக்குள் போனார். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வணக்கம், நான் குமாருங்க," "குமாருன்னு சொல்லுவாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடையில தடுமாறிடக் கூடாது இல்ல" என்றார். முன்னைவிட நன்றாகவே வருகிறது.

ஆகவே நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உனக்குக் கல்யாணப் பரிசு வாங்கியிருக்கிறேன். என் சீட்டுப் பணத்தில், அதே கடையில், அதே கோல். இந்த முறை கவிதா எல்லாவற்றையும் படித்துத் தேர்ந்தெடுத்தாள். ஒட்டுக் காகிதப் பூ வேண்டாம், வெறும் மரம் போதும் என்றேன். பிடியில் அதே முறுக்கு நூல். நீ படிக்காமல் தாண்டிய அந்தக் கேள்விக்கு இவள் நிதானமாகப் பதில் அடித்தாள். கோலில் என்ன பொறிக்கவேண்டும்? மண்ணாங்கட்டி மகன் பிரபு. மூன்று சொல்லும் ஒரே வரியில், தேய்த்தால் போகாத ஆழத்தில். பார்சல் போய்ச் சேருவது நம் வீட்டுக்கு இல்லை. உன் மாமனார் வீட்டுக்கு. முகவரிக்கு அலையவில்லை, நீ அனுப்பிய பத்திரிகையிலேயே தெளிவாக இருந்தது. வாங்கிக்கொள்ளவேண்டியவர் பெயராக முசியேயின் பெயரைப் போட்டிருக்கிறோம். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

"அப்பா தாங்குவாராம்மா?" என்று கவிதா கேட்கிறாள். தாங்கமாட்டார். எழுந்து நின்று குமாரு என்று சொன்ன வாய்க்காக அவர் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பார். நிற்கட்டும். அந்தப் பொய்யைச் சொன்னது அவர். அவரைச் சொல்லவைத்தது நீ. பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் ஜூஸைக் குடித்து முடித்தவள் நான். மூன்று பேரும் சேர்ந்தே நிற்போம். உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று உனக்குப் பயமாக இருக்கும். நிற்காது என்று நினைக்கிறேன். ஒரு பெயருக்காக நிறுத்துகிற மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெற்றவனைக் கம்பெனி என்று சொன்ன மாப்பிள்ளையை அவர் எப்படிப் பார்ப்பாரோ, அதை நீ ஆயுசு முழுக்க அந்த மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

உனக்கு வேறொரு வழியும் இருக்கிறது. பார்சலுக்கு முன்னால் நீ போ. உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்த மாடியில் நின்று, இவர் பெயர் இது என்று சொல். பத்திரிகையைத் திருத்தி அடி. அப்படிச் செய்தால் அந்தக் கோல் வெறும் பரிசு, நன்றாக ஆடு. செய்யாவிட்டால், கல்யாணத்தன்று குமாருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெண்பிள்ளையையும் நீயே தேடி வைத்துக்கொள். நான் வரமாட்டேன்.

கவிதா இப்போதுதான் போனில் பார்த்தாள். பார்சல் திண்டிவனம் தாண்டிவிட்டதாம்.

இப்படிக்கு,
மண்ணாங்கட்டியின் பெண்சாதி